நீர்மேல் ஒரு தெரு

எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கரையில் நின்று மேற்கே பார்த்தால் காயலுக்கு அப்பால் தீவுகள் வரிசையாகத் தெரியும். முதலில் போல்காட்டியை உள்ளடக்கிய முளவுகாடு, அடுத்து வல்லார்பாடம், அதற்கும் அப்பால் அரபிக்கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் வைப்பின். மூன்றும் கொச்சி மாநகரத்தின் கண்பார்வைக்குள் இருப்பவை. ஆனாலும் 2004 ஜூன் வரை வைப்பினின் தென்பகுதியில் குடியிருந்த ஒருவர் எர்ணாகுளம் வர இரண்டே வழிகள்தாம் இருந்தன. படகேற வேண்டும், இல்லையென்றால் தீவின் வடபகுதிக்குப் போய், பறவூர் வழியாக நிலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். படகில் அரைமணி நேரத்துக்குள் முடிகிற பயணம், சாலையில் ஒரு காலைப்பொழுதை விழுங்கிவிடும்.

தீவில் வீடும் நகரத்தில் வேலையுமாக வாழ்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காற்றையும் அலையையும் அந்திச் சூரியனையும் எழுதுகிறார்கள். அவையும் உண்மைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தண்ணீரைக் கடக்கும் பொறுப்பு யாருடையது? கடப்பவருடையதா, நகரத்துடையதா? இந்த ஒரு கேள்விக்கு ஒரு நகரம் சொல்லும் பதில்தான் கட்டணத்தையும், கடைசிப் படகின் நேரத்தையும், விபத்து நடந்தால் யார் பதில் சொல்வது என்பதையும் தீர்மானிக்கிறது. கொச்சியில் இந்தக் கேள்வி நூறாண்டுகளாகக் கிடப்பில் இருக்கிறது.

வைப்பின் உருவான கதையே தண்ணீரின் கதை. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது. வெள்ளம் கொண்டுவந்த மண்ணில்தான் இந்தத் தீவு எழுந்தது என்பார்கள். அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு புதுவைப்பு ஆண்டு என்றொரு கணக்கே அங்கே வழங்கிவந்தது. வடக்கே முனம்பம் முதல் தெற்கே கொச்சித் துறைமுக வாய் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். தீவு என்றதும் உலகத்தை விட்டு ஒதுங்கிய இடம் என்று நினைப்பது இங்கே பொருந்தாது. 1917-இல், சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் மிச்ரபோஜனத்தை சகோதரன் அய்யப்பன் நடத்திக்காட்டிய செறாய் இந்தத் தீவில்தான் இருக்கிறது. கேரளத்தின் சமூகச் சிந்தனை முன்னே நடந்த இடங்களில் அது ஒன்று. நகரத்தோடு கொண்ட தொடர்பில் மட்டும் அது பின்னால் நிறுத்தப்பட்டிருந்தது.

பின்னால் நிறுத்தப்பட்டது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே காயலில் இன்னொரு தீவு உண்டு: வில்லிங்டன் தீவு. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய செயற்கை நிலம் அது. தோண்டி முடித்த சில ஆண்டுகளிலேயே, 1940-களின் தொடக்கத்துக்குள், அதற்குச் சாலைப் பாலமும் ரயிலும் வந்துவிட்டன. கப்பலில் இறங்கும் சரக்கு காத்திருக்கக் கூடாது என்பதுதான் காரணம். அறுநூறு ஆண்டுப் பழமையும், இலட்சக்கணக்கில் மக்களும் கொண்ட வைப்பினுக்கு எர்ணாகுளத்தோடு பாலம் வர மேலும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. பிறகு வல்லார்பாடத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் வந்தபோதும் அதே வேகத்தைப் பார்த்தோம். இடப்பள்ளியிலிருந்து காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாலம் கட்டினார்கள்; அந்நாளில் இந்தியாவிலேயே நீளமான ரயில் பாலம். அதில் சரக்குப் பெட்டகங்கள் போகும். மனிதர் போகும் ரயில் இல்லை. முனையத்துக்கான சாலைக்காக 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியிலும் பக்கத்து ஊர்களிலும் 316 குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களில் பலர் மறுவாழ்வுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தீவுகள் காத்திருந்தது பணமும் பொறியியலும் இல்லாததால் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

படகுக்காலம் எப்படி இருந்தது? 1968-இல் உருவான கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள்தாம் பெரும்பாலோருக்கு வாகனம். முன்னால் சுக்கான் பிடிக்கும் சாரங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார். கீழே எந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் டிரைவர் அந்த மணியின் கணக்குப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னோக்கி எடுப்பார். துறையில் படகு அணையும்போது கயிறு வீசிக் கட்ட லஸ்கர் தயாராக நிற்பார். மழைக்காலத்தில் காயலின் உப்பு குறைந்ததும் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வந்து சுழலியில் சிக்கும். படகு நடுக்காயலில் நிற்கும். துறைமுக வாயில் கப்பல் நுழைந்தால் அதற்கு வழிவிட வேண்டும். இத்தனைக்கும் இடையில் எர்ணாகுளத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், வேண்டியதற்கு ஒரு படகு முந்தியதைப் பிடிக்க எப்போதும் வீட்டை விட்டுக் கிளம்பிய பழக்கம்தான் காரணம். அதிகாலையில் அடுப்பு மூட்டும் பெண்ணின் தூக்கத்திலிருந்து அந்த நேரம் எடுக்கப்பட்டது. எந்தப் போக்குவரத்துத் துறையின் கணக்கிலும் அது செலவாக ஏறியதில்லை.

மாலை இன்னும் கடுமை. துணிக்கடைக்கு மூடும் நேரம் ஒன்று, கடைசிப் படகுக்கு இன்னொன்று. இரண்டும் இடித்துக்கொண்டால் எந்த வேலையை ஏற்கலாம், எதை விடவேண்டும் என்பதைப் படகின் நேரப்பட்டியலே முடிவு செய்யும். மகளை மாலைக் கல்லூரிக்கு அனுப்பலாமா, இரவு வேலை உள்ள மருத்துவமனையில் சேரலாமா, பிரசவ நாள் நெருங்கினால் முன்கூட்டியே நகரத்து உறவினர் வீட்டில் போய்த் தங்க வேண்டுமா: இவை யாவும் அந்த ஒரு தாளைப் பார்த்துத் தீர்ந்த முடிவுகள்.

கேரளத்தின் நீர்வழிகள் வாங்கிய உயிர்களையும் சொல்ல வேண்டும். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் புறப்பட்ட அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அதில் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் போனவர்கள். அளவுக்கு மேல் ஆளேற்றியிருந்தார்கள். அந்தப் படகை விட்டால் தேர்வுக்கூடத்துக்கு நேரத்தில் போக முடியாது என்னும்போது, ஏறாதே என்று யார் யாரிடம் சொல்வது? 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே, சில நிமிடங்களே ஆகும் கடவில், பயணிகள் படகின்மேல் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். மாநகராட்சி ஒப்பந்தத்துக்கு விட்டிருந்த பழைய படகு அது. பலியானவர்கள் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மூழ்கினார்கள்.

2004 ஜூன் 5 அன்று கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன. எர்ணாகுளத்திலிருந்து போல்காட்டி, போல்காட்டியிலிருந்து வல்லார்பாடம், வல்லார்பாடத்திலிருந்து வைப்பின் என்று மூன்று பாலங்கள். பல பத்தாண்டுகள் மனு எழுதியும் மறியல் செய்தும் தீவு மக்கள் பெற்றவை அவை. பணம் வந்த வழிதான் நெருடுகிறது. 1994-இல் அமைக்கப்பட்ட கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம், எர்ணாகுளத்தின் மரைன் டிரைவை ஒட்டிக் காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்த நிலத்தை விற்றுப் பாலத்துக்குப் பணம் திரட்டியது. தண்ணீரைக் கடக்க வழி கேட்டவர்களுக்காகத் தண்ணீரையே விற்றார்கள். வில்லிங்டன் தீவின் பாலத்துக்கு இப்படி எதையும் விற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பாலம் வந்தபின் வாழ்க்கை மாறியது. அதைக் குறைத்துச் சொல்வது பொய்யாகும். ஆம்புலன்ஸ் இரவில் நேரே மருத்துவமனைக்குப் போனது. பைக் வைத்திருந்தவர்களுக்கு நகரம் பக்கத்துத் தெருவானது. நிலத்தின் விலை ஏறியது. ஆனால் பேருந்தை நம்பியவர்களுக்குப் பாலம் பாதியிலேயே முடிந்தது. வைப்பினிலிருந்து வரும் தனியார் பேருந்துகளுக்கு உயர்நீதிமன்றச் சந்திப்பைத் தாண்டி நகரத்துக்குள் நுழைய அனுமதி இருக்கவில்லை. நகர வழித்தடங்களுக்கான விதிகள் குறுக்கே நின்றன. பயணிகள் அங்கே இறங்கி இன்னொரு பேருந்து பிடித்து, இன்னொரு முறை குறைந்தபட்சக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. பாலம் திறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், பேருந்தை நகரத்துக்குள் விடுங்கள் என்று தீவு மக்கள், அதிலும் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், கூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதற்கிடையில் கூட்டம் பாலத்துக்கு மாறிவிட்டதால் படகுகளின் எண்ணிக்கை சுருங்கியது. வண்டி இல்லாதவருக்குப் படகும் குறைந்தது, பேருந்தும் எல்லையில் நின்றது.

அடுத்த திருப்பம் 2023 ஏப்ரலில் வந்தது. கொச்சி வாட்டர் மெட்ரோவின் முதல் தடம் உயர்நீதிமன்றத்திலிருந்து வைப்பினுக்கு ஓடத் தொடங்கியது. திட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 1,137 கோடி ரூபாய்; ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனும் அதில் அடக்கம். 10 தீவுகள், 38 முனையங்கள், 78 படகுகள் என்பது முழுத் திட்டம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்கலப் படகுகள் இவை. முதலில் வந்த படகுகளில் ஒவ்வொன்றிலும் 100 பேர். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மின்னேற்றம் முடிந்துவிடும். பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்தது மின்கலத்தைவிட மிதவைத் துறைதான். அலை ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். படகின் தளமும் துறையின் தளமும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆடும் படகின் விளிம்பில் காலை வைத்துத் தாவிய தலைமுறைகளை நினைத்தால் இது சிறிய காரியமாகத் தெரியாது. நுழைவாயிலில் தலைக்கணக்கு எடுக்கப்படுகிறது. நூறு ஆனதும் கதவு மூடிக்கொள்ளும். குமரகம் படகில் இல்லாமல் போனது அந்தக் கதவு.

கட்டணத்துக்கு வருவோம். பயணச்சீட்டு தூரத்துக்கேற்ப 20 ரூபாயிலிருந்து 40 ரூபாய் வரை என்று அறிவித்துத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே ஓடும் அரசின் பழைய படகில் அப்போது குறைந்தபட்சக் கட்டணம் 6 ரூபாயாக இருந்தது. அன்றாடம் போய்வருபவர்களுக்காக மெட்ரோ சலுகைச் சீட்டுகளும் அறிவித்தது: வாரத்துக்கு 12 பயணம் 180 ரூபாய், மாதத்துக்கு 50 பயணம் 600 ரூபாய், மூன்று மாதத்துக்கு 150 பயணம் 1,500 ரூபாய். கணக்குப் போட்டால் வாரச் சீட்டில் ஒரு பயணம் 15 ரூபாய், மாதச் சீட்டில் 12, மூன்று மாதச் சீட்டில் 10. யார் முன்கூட்டியே 1,500 ரூபாயை எடுத்துவைக்க முடிகிறதோ அவருக்குத் தண்ணீர் மலிவு. அன்றைய கூலியை அன்று வாங்கி, அன்றைய சீட்டை அன்று எடுக்கும் தொழிலாளிக்கு அதே தண்ணீர் இரண்டு மடங்கு, சில தடங்களில் நான்கு மடங்கு. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. உலகின் பல நகரங்களில் பயணச்சீட்டு இப்படித்தான் விற்கிறது. ஆனால் தீவிலிருந்து வருபவர் விரும்பித் தேர்ந்த பயணி இல்லை. அவருக்கு அது வாசலிலிருந்து தெருமுனைக்குப் போகும் நடை. தெருவில் நடக்க நாம் யாரிடமும் சீட்டு வாங்குவதில்லை. பாலம் கட்டிய பணத்தை அதன்மேல் நடந்துபோகிறவரிடம் நாள்தோறும் யாரும் வசூலிப்பதும் இல்லை.

படகைத் தெருவாகவே எண்ணிய நகரம் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் ஐந்து பகுதிகளில் ஒன்றான ஸ்டேட்டன் தீவிலிருந்து மன்ஹாட்டனின் தென்முனைக்குப் படகில் 25 நிமிடம், 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தொடக்கத்தில் தனியார் படகுகள்தாம். பின்னாளில் ரயில் முதலாளியாகப் பெரும்பணம் சேர்த்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1810-இல், பதினாறு வயதில், பாய்மரப் படகு ஓட்டித் தொழில் தொடங்கியது இந்தத் தடத்தில். 1871-இல் வெஸ்ட்ஃபீல்டு என்ற படகின் கொதிகலன் துறையிலேயே வெடித்துப் பலர் மாண்டார்கள். 1901-இல் நார்த்ஃபீல்டு என்ற படகு மோதலில் மூழ்கியது. அப்போது தடம் ஒரு ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1905 அக்டோபரில் நகர நிர்வாகமே படகை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இந்த முடிவுதான் என்பது என் எண்ணம். நகரத்தின் சுரங்க ரயில் கட்டணம் 1948-இல் 10 சென்டாக உயர்ந்தபோதும் படகு 5 சென்டிலேயே நின்றது. 1970-களின் தொடக்கம் வரை அசையவில்லை.

1964-இல் தீவுக்கு வெரசானோ பாலம் திறந்தது. தீவின் மக்கள்தொகை 1960-இல் 2.22 இலட்சம், 2020-இல் ஏறத்தாழ 4.96 இலட்சம். ஆனால் அந்தப் பாலம் போய் இறங்குவது புரூக்ளினில். வேலை இருக்கும் மன்ஹாட்டனுக்கு நேராகப் போவது படகு மட்டுமே. அதனால் பாலத்தால் அதை விழுங்க முடியவில்லை. 1993-இல் தீவு மக்கள் நியூயார்க்கை விட்டே பிரிந்துபோக வேண்டும் என்று ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்களித்தார்கள். நகரம் தங்களை மதிப்பதில்லை என்ற ஆத்திரம் அதில் இருந்தது. நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டப்பட்டது அவர்களுடைய ஃபிரெஷ் கில்ஸ் மேட்டில். பிரிவினை நடக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1997 ஜூலை 4 முதல், 50 சென்டாக இருந்த படகுக் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. பேருந்திலிருந்து சுரங்க ரயிலுக்கு இலவசமாக மாறலாம் என்று ஒரே கட்டணத்தை நகரம் கொண்டுவந்த வேளை அது. நடுவில் கடல் கிடக்கிறது என்பதற்காகத் தீவுக்காரர் மட்டும் கூடுதலாகக் கொடுப்பது நியாயமா என்ற கேள்விக்கு நகரம் கொடுத்த பதில். இன்று இரவும் பகலும் அது ஓடுகிறது. சீட்டும் கிடையாது, கதவில் பணமும் கிடையாது. செயின்ட் ஜார்ஜ் துறையில் இறங்கிச் சற்றுத் தெற்கே நடந்தால் டாம்ப்கின்ஸ்வில். இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய சிங்களரும் தமிழரும் உணவகமும் மளிகைக்கடையும் வைத்திருக்கும் விக்டரி புலவார்டு அங்கே இருக்கிறது. காசில்லாத படகு, புதிதாக வந்தவர்கள் வாடகை குறைந்த கரையில் வாழவும் வாடகை கூடிய கரையில் உழைக்கவும் வழி செய்கிறது.

பொறுப்பு யாருடையது என்பது விபத்தில்தான் தெளிவாகத் தெரியும். 2003 அக்டோபர் 15 அன்று ஆண்ட்ரூ ஜே. பார்பெரி என்ற படகு, ஓட்டியவர் நினைவிழந்ததால் ஸ்டேட்டன் தீவின் துறைச் சுவரில் மோதியது. 11 பேர் இறந்தார்கள். படகை ஓட்டும் அறையில் இருவர் இருக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தாததற்காக, அந்தச் சேவையின் நகர இயக்குநரே சிறைத்தண்டனை பெற்றார். ஃபோர்ட் கொச்சியிலும் இறந்தவர்கள் 11 பேர். அங்கே மாநகராட்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தக்காரர் இருந்தார்.

நியூயார்க் பணக்கார நகரம், அதோடு கொச்சியை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பணக்கார ஊர் அல்லாத இடத்திலும் படகைத் தெருவாகப் பார்க்கும் எண்ணம் வேர்பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தீவுகளில் வெகுதொலைவில் கிடக்கும் நெடுந்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணி நேரக் கடல். அங்கே அன்றாடப் பயணம் தலைகீழ்: ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் காலையில் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள். காற்று கிளம்பினால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் இருக்குமா என்பதையும் கடல்தான் சொல்லும். அந்தத் தடத்தில் பல பத்தாண்டுகள் ஓடிய குமுதினி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகு. கப்பல் கம்பெனியும் இல்லை, சுற்றுலாத் துறையும் இல்லை. சாலை போடும் துறை. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அந்தப் படகு மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தார்கள். அத்தனைக்குப் பிறகும் அதே படகைப் பழுதுபார்த்து அதே தடத்தில் ஓட்டினார்கள், அதே மக்கள் ஏறினார்கள். வீட்டுக்குப் போக வேறு தெரு இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் தன் படகுத் தடங்களை மாநில நெடுஞ்சாலைகளின் பகுதியாகவே சட்டத்தில் வைத்திருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு, ஆனால் தடத்தை நிறுத்துவது ஒரு சாலையை மூடுவதற்குச் சமமான முடிவு.

கொச்சியில் இப்போது வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது, பாலமும் இருக்கிறது, மாநில அரசின் பழைய படகும் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே 2018 முதல் வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஜங்காரும் இருக்கிறது. மாநிலத் துறை, மெட்ரோ நிறுவனம், மாநகராட்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எசமானர். விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பயணிகள் வாட்டர் மெட்ரோவில் வரிசை கட்டும்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரும் அதே வரிசையில் பின்னால் நிற்கிறார். பயணிகளின் எண்ணிக்கை கூடியதை வெற்றி என்று அறிவிக்கும்போது, அதில் எத்தனை பேர் தீவுக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை காயலைப் பார்க்க வந்தவரும், வாழ்நாள் முழுக்க அதைக் கடப்பவரும் ஒரே கணக்கில் வரக்கூடாது.

செய்யவேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய பாலமோ புதிய கடனோ தேவையில்லை. எர்ணாகுளத்துக் கடைகள் கதவடைத்து அரைமணி நேரம் கழித்துக் கடைசிப் படகு புறப்பட வேண்டும். தீவிலிருந்து வரும் ஒவ்வொரு பேருந்தும் நகரத்தின் நடுவரை போக வேண்டும். காலை மாலை நெரிசல் வேளையில் தீவில் குடியிருப்பவர்களுக்குத் தனி வாசல் வேண்டும். மெட்ரோ ரயிலுக்கும் வாட்டர் மெட்ரோவுக்கும் பொதுவாகக் கொச்சி ஒன் அட்டை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அந்த அட்டையில் ஒருவர் மூன்று மாதத்தில் எத்தனை முறை கடந்தார் என்ற கணக்கும் பதிவாகிறது. எண்ணிக்கை ஏற ஏறக் கட்டணத்தைத் தானாகவே 10 ரூபாய்க்கு இறக்கும்படி அதை அமைக்க முடியும். 1,500 ரூபாயை முன்னால் கட்ட முடியாத பெண்ணுக்கும் அப்போது அந்த விலையே கிடைக்கும். அதற்கு வேண்டியது நிர்வாகத்தின் ஒரு உத்தரவு.